விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சிருச்சு, கடையில இருக்கிற மூணு சிஸ்டத்தையும் மாத்தித்தான் ஆகணுமா?

அருப்புக்கோட்டை டிடிபி

வணக்கம். அருப்புக்கோட்டையில பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் அப்ளிகேஷன்னு சின்னதா ஒரு கடை வச்சிருக்கேன். மொத்தம் மூணு சிஸ்டம். ஒண்ணு ஐ5 நாலாவது ஜெனரேஷன், அசெம்பிள் பண்ணது, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி போட்டதுல இருந்து சும்மா பறக்குது. இன்னொண்ணு ஐ3 ஆறாவது ஜெனரேஷன். மூணாவது எங்க அக்கா பையனுக்கு பிளஸ் டூவுல கவர்மென்ட் குடுத்த லேப்டாப், அவன் வேலைக்குப் போயிட்டதால கடைக்கு வந்துருச்சு, 4 ஜிபி ராம்தான், கொஞ்சம் மெதுவாத்தான் ஓப்பன் ஆகும், ஆனா ரிசல்ட் பாக்க வர்ற பிள்ளைகளுக்கும் மெயில்ல வந்ததைப் பிரின்ட் எடுக்கறவங்களுக்கும் அது தாராளம்.

மூணுலயும் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுதுன்னு அப்பப்ப ஸ்கிரீன் முழுக்க வந்து நிக்குது. சரி 11 போட்டுரலாம்னு செக் பண்ணிப் பாத்தா மூணுமே தகுதி இல்லைன்னு சொல்லிருச்சு. எனக்கு சிஸ்டம் சப்ளை பண்றவர்ட்ட கேட்டேன், மூணையும் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க, இல்லைன்னா இன்னும் கொஞ்ச நாள்ல பேங்க் வெப்சைட்டே ஓப்பன் ஆகாதுங்கறார். ராம் விலை ஏறிட்டே போகுது, இப்பவே சொன்னா இந்த ரேட்டு, அடுத்த மாசம் இந்த ரேட்டு இல்லைன்னும் சொல்றார். மூணு சிஸ்டம்னா ஒரு லட்சத்துக்கு மேல போகுது, பக்கத்துக்கு ரெண்டு ரூவா வாங்குற கடையில அதை எங்க எடுக்கறது.

என் வேலை என்னன்னா, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் பேஜ்மேக்கர்ல, பழைய ஃபைல் பூரா பாமினி, வானவில் எழுத்துல கிடக்கு. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு போட்டோஷாப். பிரின்டர் கேனான் 2900. அப்புறம் கைரேகை மிஷின் ஒண்ணு, ஆதார் வச்சு பேங்க் பணம் எடுத்துக் குடுக்கறதுக்கு. முதியோர் பென்ஷன் 1,200 ரூவா ஏறுற அன்னைக்கு காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடியே பாட்டிமாருக வந்து படியில உக்காந்திருப்பாக. அது ஒரு நாள் நின்னாலும் எனக்குப் பெரிய சங்கடம்.

லினக்ஸ் போடலாம்னு சில பேர் சொல்றாங்க, அதுல இந்த வேலையெல்லாம் ஆகுமா? உண்மையிலேயே பழசு ஓடாமப் போயிருமா? நல்லா ஓடிட்டு இருக்கற மிஷினை எதுக்காகத் தூக்கிப் போடணும்னு எனக்கு மனசே ஆறலை. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

சிங்காநல்லூர் சர்வீஸ்

அண்ணா, முதல்ல ஒண்ணு. அவசரப்பட்டு ஒத்த ரூபா அட்வான்ஸ் குடுத்துராதீங்க. நான் கோயமுத்தூர்ல சிஸ்டம் சர்வீஸ்தான் பண்றேன், அக்டோபர்ல இருந்து இதே கேள்வியோடதான் ஆளுக வர்றாங்க.

சப்போர்ட் முடிஞ்சுதுன்னா சிஸ்டம் நின்னுரும்னு அர்த்தம் இல்லைங்க. விண்டோஸ்ல புதுசா ஒரு ஓட்டை கண்டுபிடிச்சா அதை அடைக்கற அப்டேட் வராது, அவ்வளவுதான். வீடு அப்படியே இருக்கும், வாட்ச்மேன் நின்னுட்டார்னு வச்சுக்குங்க. பேங்க் வெப்சைட் ஓப்பன் ஆகறது பிரவுசரைப் பொறுத்தது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியில சப்போர்ட் முடிஞ்சுது, ஆனா குரோம் அதுல 2023 தொடக்கம் வரைக்கும் புது வெர்ஷன் குடுத்துட்டுத்தான் இருந்தாங்க. இப்ப 10க்கு எட்ஜ் பிரவுசர் 2028 அக்டோபர் வரைக்கும் அப்டேட் உண்டுன்னு மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கு, கூடவே வர்ற டிஃபெண்டர் ஆன்டிவைரஸ்ல வைரஸ் லிஸ்ட் அப்டேட் ஆகறதும் அதே 2028 வரைக்கும். அதனால நாளைக்கே பேங்க் ஓப்பன் ஆகாதுங்கறது விக்கறதுக்காகச் சொல்ற பேச்சு.

அதுக்காக அப்படியே விட்டுருங்கன்னும் சொல்ல மாட்டேன், உங்க கடையில காசு புழங்குது. ஈஎஸ்யூன்னு ஒண்ணு இருக்குதுங்க, எக்ஸ்டெண்டட் செக்யூரிட்டி அப்டேட். வீட்டு சிஸ்டத்துக்கெல்லாம் வர்ற 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் மட்டும் தொடர்ந்து குடுக்கறாங்க. முப்பது டாலர் கட்டலாம், இல்ல மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் பாயின்ட் ஆயிரம் இருந்தா அதைக் குடுக்கலாம், ரெண்டும் வேண்டாம்னா செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் பண்ணா இலவசம். மூணாவதைப் புடிச்சுக்குங்க. ஸ்டார்ட்ல வின்வெர்னு டைப் பண்ணிப் பாருங்க, 22எச்2ன்னு இருக்கணும், இல்லைன்னா முதல்ல அந்த அப்டேட்டை முடிங்க. அப்புறம் செட்டிங்ஸ்ல அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, அதுக்குள்ள விண்டோஸ் அப்டேட் பக்கம் போனா வலது பக்கமோ கீழயோ என்ரோல்னு ஒரு லிங்க் இருக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் கேக்கும், அட்மின் யூசர்ல இருந்து பண்ணணும். கம்பெனி நெட்வொர்க்குல டொமைன்ல சேத்த சிஸ்டத்துக்கு இது கிடைக்காது, உங்களுக்கு அந்தப் பிரச்னை இல்லை.

உங்க மூணுலயும் விண்டோஸ் ஒரிஜினலா ஆக்டிவேட் ஆனதான்னு மட்டும் பாத்துக்குங்க. கிராக் போட்டதா இருந்தா அதுக்கு மேல என்ன செக்யூரிட்டி அப்டேட் வந்தும் பிரயோஜனம் இல்லை, கிராக் ஃபைல் கூடவே என்ன உள்ள வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது.

ஜென்இசட்_தேனி

ப்ரோ இவ்ளோ யோசிக்கவே வேணாம். ரூஃபஸ்னு ஒரு சாஃப்ட்வேர்ல பென்டிரைவ் போடுறப்ப டிபிஎம் (11 கேக்குற செக்யூரிட்டி சிப்) செக்கை எடுத்துவிடுற ஆப்ஷன் இருக்கு, டிக் பண்ணிட்டு 11 ஏத்துங்க. என் ஃபிரண்டு மூணாவது ஜெனரேஷன்ல ஓட்டுறான்.

சிங்காநல்லூர் சர்வீஸ்

@ஜென்இசட்_தேனி தம்பி, ஏத்தலாம், ஏறும். நானே கஸ்டமர் கேட்டா போட்டுக் குடுக்கறேன், ஆனா சொல்லிட்டுத்தான் போடுவேன். வருசா வருசம் வர்ற பெரிய அப்டேட் அந்த சிஸ்டத்துக்குத் தானா வராது, ஒவ்வொரு தடவையும் பென்டிரைவ் போட்டு கையால ஏத்தணும். 11ஓட 24எச்2 வெர்ஷன்ல இருந்து ப்ராசஸர்லயே சில இன்ஸ்ட்ரக்ஷன் இருந்தாத்தான் பூட் ஆகும்னு ஆக்கிட்டாங்க, அதுல கோர் டூ டுயோ எல்லாம் மொத்தமா அடிபட்டுப் போச்சு. நாளைக்கு நாலாவது ஜெனரேஷனுக்கும் அப்படி ஒண்ணு கொண்டுவந்தா, பென்ஷன் அன்னைக்குக் காலையில அண்ணா என்ன பண்ணுவார்? வீட்ல படம் பாக்கற சிஸ்டம்னா பரவால்ல, பொழப்பு நடக்கற சிஸ்டம்ல அதைப் பண்ண நான் சொல்ல மாட்டேன்.

அண்ணா இன்னொண்ணு. உங்க ஆறாவது ஜெனரேஷன்ல பயாஸ்ல போய் பிடிடின்னு இருக்கறதை ஆன் பண்ணா பெரும்பாலான போர்டுல டிபிஎம் 2.0 வந்துரும். அப்பவும் 11 ஏத்துக்காது, ப்ராசஸர் லிஸ்ட்ல இல்லைன்னு தள்ளிரும். இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான் லிஸ்ட் ஆரம்பிக்குது. இதுலதான் எனக்குக் கோவம் வர்றது. அவங்க கேட்ட சிப்பும் இருக்குது, ராம் இருக்குது, வேகம் இருக்குது, ஆனா வேண்டாங்கறாங்க. 2015ல விண்டோஸ் 10 வந்தப்ப இதுதான் கடைசி விண்டோஸ்னு அந்தக் கம்பெனி ஆளே மேடையில சொன்னார். அதை நம்பி வாங்கின ஜனங்கதான் இப்ப நிக்கறாங்க. 24 கோடி கம்ப்யூட்டர் இதனால குப்பைக்குப் போகலாம்னு கேனலிஸ்ங்கற ஆய்வுக் கம்பெனி 2023லயே கணக்கு சொல்லுச்சு.

நாகர்கோவில் பெங்குவின்

லினக்ஸ் கேட்டீங்க இல்லையா, நான் சொல்லுறேன். ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீச்சரா இருக்கேன், வீட்டுல முழுக்க மின்ட்னு ஒரு லினக்ஸ்தான்.

மூணுலயும் போடாதீங்க. அந்த கவர்மென்ட் லேப்டாப்புல மட்டும் மின்ட் 22ல எக்ஸ்எஃப்சிஇன்னு இருக்கிற லேசான வகையைப் போடுங்க, 2029 வரைக்கும் அப்டேட் இருக்கு. முடிஞ்சா ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு சின்னதா ஒரு எஸ்எஸ்டி போட்டிருங்க, ராம் ஏத்துறதைவிட அதுதான் பழைய லேப்டாப்புல பெரிய வித்தியாசம் காட்டும். ரிசல்ட் பாக்கிறது, ஜிமெயில், பிடிஎஃப் பிரின்ட், அப்ளிகேஷன் போடுறது எல்லாம் ஃபயர்ஃபாக்ஸ்லயோ குரோம்லயோ ஆகும். தமிழ் டைப்பிங்குக்கு தமிழ்99 கீபோர்டு உள்ளயே இருக்கு, செட்டிங்ஸ்ல சேத்தா போதும், தனியா சாஃப்ட்வேர் எதுவும் இறக்க வேண்டாம். ஸ்கூல்ல பிள்ளைகள் ரொம்ப சீக்கிரம் பிடிச்சிடுறாங்க, பயப்படுறது எல்லாம் நம்ம வயசு ஆட்கள்தான்.

ஆனா உங்க மத்த வேலை ஆகுமான்னு கேட்டா உண்மையைச் சொல்லணும். பேஜ்மேக்கர் விண்டோஸ்லதான், அந்த 7.0 வந்தது 2001ல, அதுக்கப்புறம் அடோபி அதைக் கைவிட்டாச்சு. லினக்ஸ்ல அதே மாதிரி பக்கம் அமைக்கிறதுக்கு ஸ்கிரைபஸ் இருக்கு, 1.6ல தமிழ் யூனிகோடு எழுத்து ஒழுங்கா வருது, ஆனா உங்க பழைய பேஜ்மேக்கர் ஃபைலை அது அப்படியே எடுத்துக்கும்னு நம்பி இறங்காதீங்க. கேனான் 2900க்கு லினக்ஸ் டிரைவர் இருக்கு, ரொம்பப் பழசு, இன்ஸ்டால் பண்றதுக்குள்ள கண்ணைக் கட்டும். அதை விண்டோஸ் சிஸ்டத்துலயே விட்டிருங்க. கைரேகை மிஷினுக்கு ஆர்டி சர்வீஸ்னு ஒண்ணு ஓடணும் இல்லையா, அது பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் குடுக்கிறாங்க.

ஆண்ட்ராய்டுன்னு சொன்னேன் பாத்தீங்களா, அதை யோசிங்க. ஓடிஜி கேபிள்ல மிஷினை போன்ல மாட்டி பணம் எடுத்துக் குடுக்கிறதை இங்க நிறையப் பேர் செய்யிறாங்க. பென்ஷன் நாளைக்கு சிஸ்டம் மக்கர் பண்ணினாலும் பாட்டிமாரைத் திருப்பி அனுப்ப வேண்டி வராது.

கணக்கர்_சேலம்

ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன். கணக்கு எழுதுற டேலி சாஃப்ட்வேர் விண்டோஸ்லதான் ஓடும், எங்க பொழப்பு அதுல. லினக்ஸ் லினக்ஸ்னு சொல்றவங்க ஒரு ரிட்டர்ன் ஃபைலிங் கடைசி நாள் எங்க டேபிள்ல வந்து உக்காரணும்.

நாகர்கோவில் பெங்குவின்

@கணக்கர்_சேலம் சார், அதனாலதான் ஒரு சிஸ்டத்துல மட்டும் போடச் சொன்னேன். டேலி ஓடுற சிஸ்டத்தைத் தொடுங்கன்னு நான் சொல்லவே இல்லையே.

கீல் நகரத்தில் இருந்து

வணக்கம் தம்பி. நான் ஜெர்மனியில கீல் பக்கம் இருக்கிறன், யாழ்ப்பாணத்து ஆள். இஞ்ச நடந்ததையும் உங்களுக்குச் சொன்னால் நல்லம் எண்டு நினைக்கிறன்.

எங்கட வீட்டுக் கணினிக்கு நாங்கள் ஒரு சதமும் குடுக்கேல்லை, பேக்கப்பும் போடேல்லை. முதல்ல எங்களுக்கும் உதே நிபந்தனையைத்தான் சொன்னவங்கள். யூரோகன்சியூமர்ஸ் எண்ட பாவனையாளர் அமைப்பு, ஒரு அப்டேட்டைக் குடுக்கிறதுக்குத் தங்கட இன்னொரு சேவையைப் பாவிக்கச் சொல்லி நெருக்கிறது ஐரோப்பியச் சட்டத்துக்குச் சரிவராது எண்டு கடிதம் எழுதிக் கேட்டது. போன செப்டம்பர் கடைசியில ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு மட்டும் விட்டுக்குடுத்திட்டாங்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டால அறுபது நாளுக்கு ஒருக்கா உள்ள போய்வரவேணும், அவ்வளவுதான். அதே கணினி, அதே விண்டோஸ், அதே அப்டேட். கேட்க ஆள் இருந்த இடத்தில சும்மா கிடைச்சுது, கேட்க ஆள் இல்லாத இடத்தில நிபந்தனையோட கிடைக்குது.

நான் இருக்கிற மாநிலம் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன். இஞ்ச அரசாங்கமே 2024 ஏப்ரல்ல முடிவெடுத்து, முப்பதாயிரம் அரசாங்கக் கணினியளை லிப்ரே ஆபிஸ் எண்ட இலவச மென்பொருளுக்கு மாத்தத் தொடங்கினது, அதுக்குப் பிறகு லினக்ஸ் எண்டு திட்டம். போன அக்டோபர்ல நாற்பதாயிரத்துக்கு மேல மின்னஞ்சல் பெட்டியளை மைக்ரோசாஃப்ட்டில இருந்து வெளிய எடுத்து முடிச்சவை. கஷ்டம் இல்லாமல் இல்லை, அலுவலகத்தில வேலை செய்யிற என்ர சிநேகிதர் ஒருத்தர் சரியான சினத்தோடதான் கதைச்சவர். மியூனிக் நகரம் முந்தி லினக்ஸுக்குப் போய், 2017ல திரும்ப விண்டோஸுக்கே வாறதெண்டு முடிவெடுத்ததும் எல்லாருக்கும் தெரியும். எண்டாலும் தங்கட சனத்தின்ர தரவு ஆற்ற கையில இருக்கவேணும் எண்டு ஒரு அரசாங்கம் யோசிக்குது, அதை நான் மதிக்கிறன்.

விருதுநகர்க்காரன்

ஐயா சொன்னது நெத்தியடி. நம்ம ஊர்ல இதைப் பத்திப் பேசுற ஒரு கட்சி உண்டா? லேப்டாப் குடுக்கறதுல யாரு நிறையக் குடுத்தா, யாரு படத்தை ஒட்டினான்னுதான் சண்டை. 2011 செப்டம்பர் 15ல அந்தத் திட்டம் ஆரம்பிச்சப்ப எங்க தெருவுல முதல் கம்ப்யூட்டரே அதுதான், நான் அதைக் குறை சொல்லவே மாட்டேன், என் தங்கச்சி அதுல படிச்சுத்தான் இன்னைக்கு சம்பாதிக்கிறா. அம்பது லட்சத்துக்கு மேல குடுத்திருக்காங்க. இப்ப மறுபடி காலேஜ் பிள்ளைகளுக்கு இருபது லட்சம்னு 2025 பட்ஜெட்ல அறிவிச்சு, குடுக்கவும் ஆரம்பிச்சாச்சு. ரொம்ப நல்ல விசயம். ஆனா முன்னாடி குடுத்த அத்தனை லேப்டாப்பும் விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சப்ப என்ன ஆச்சுன்னு சட்டசபையில ஒருத்தராவது கேட்டாங்களா? டிடிபி அண்ணன் மாதிரி எத்தனை கடையில, எத்தனை வீட்ல அது இன்னும் ஓடிட்டு இருக்கு. அதுக்கு மின்ட்டோ, பாஸ்னு நம்ம நாட்டு லினக்ஸோ போட்டுக் குடுக்க மாவட்டத்துக்கு ஒரு முகாம் நடத்துனா என்ன செலவு ஆகிரும்? சனிக்கிழமை ஒரு ஸ்கூல் லேப்ல உக்காந்து பாலிடெக்னிக் பசங்களே முடிச்சுருவாங்க.

இது புது யோசனையும் கிடையாது. தமிழ்நாடு அரசோட எல்காட் நிறுவனத்துல உமாசங்கர் ஐஏஎஸ் எம்டியா இருந்த காலத்துலயே ஆபீஸ்ல சூசே லினக்ஸ் ஓட்டிக் காட்டினாங்க. 2014ல எக்ஸ்பி சப்போர்ட் முடிஞ்சப்ப, அரசு ஆபீஸ் எல்லாம் பாஸ் லினக்ஸ் போடுங்கன்னு தமிழ்நாடு அரசே சொல்லுச்சு. அந்த பாஸ் எங்க செஞ்சது? சென்னையில, மத்திய அரசோட சிடாக்ல. அப்புறம் அது என்ன ஆச்சுன்னு தாலுகா ஆபீஸ்ல போய் எட்டிப் பாத்தாத் தெரியும். ஆட்சி ரெண்டு பக்கமும் மாறுச்சு, இதை யாரும் கையில எடுக்கலை.

நாகர்கோவில் பெங்குவின்

எங்க ஊர்ல இருந்து பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல கேரளா. அங்க ஸ்கூல்ல பல வருசமா லினக்ஸ்தான். ஐடி அட் ஸ்கூல்னு 2001ல தொடங்கினது, இப்ப கைட்னு பேரு. 2024 ஆகஸ்ட்ல கூட கைட் குனு லினக்ஸ் 22.04ன்னு புதுசா விட்டாங்க, பாடத்துக்கு வேண்டிய சாஃப்ட்வேர் எல்லாம் மலையாளத்தோட உள்ளயே வச்சு. அதைவிட முக்கியம், டீச்சர்மாருக்கு ஒழுங்கா டிரெயினிங் குடுத்தாங்க. நம்ம பக்கம் லினக்ஸைப் போட்டுக் குடுத்தாங்க, கத்துக் குடுக்க ஆள் வைக்கலை. வித்தியாசம் அங்கதான் வந்துச்சு. பிள்ளைகள் லேப்டாப்பை வாங்கினதும் நேரா கடைக்குக் கொண்டுபோய் லினக்ஸை அழிச்சதை நானே பாத்திருக்கேன்.

திருவண்ணாமலை இ-சேவை

அண்ணா, நானும் உங்க மாதிரி கடைதான், இ-சேவை மையம் வச்சிருக்கேன். எல்லாரும் சிஸ்டம் ஓடுமா ஓடாதான்னு பேசறாங்க, நான் வேற ஒண்ணு கேக்கறேன். உங்க டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒரு தடவை ஓப்பன் பண்ணிப் பாருங்க.

என் கடையில பாத்தேன், ஊர் பூரா இருந்துச்சு. ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், பொண்ணுங்க போட்டோ, ஸ்காலர்ஷிப்புக்குக் குடுத்த மார்க் ஷீட். பிரின்ட் எடுக்கறதுக்காக வாட்ஸ்அப் வெப்ல அனுப்புவாங்க, நாம எடுத்துக் குடுத்துட்டு அடுத்த ஆளைப் பாப்போம், ஃபைல் அங்கயே கிடக்கும். அப்டேட் வராத சிஸ்டம்ல ஒருத்தன் உள்ள பூந்தா போறது நம்ம பணம் மட்டும் இல்லண்ணா, நம்மள நம்பி ஆதாரைக் குடுத்த அத்தனை பேரோடதும் போவும். அந்த ஜனங்களுக்கு விண்டோஸ் 10னா என்ன, சப்போர்ட் முடிஞ்சா என்னன்னு எதுவும் தெரியாது. கடைக்காரர் பாத்துப்பாருன்னுதான் குடுத்துட்டுப் போறாங்க. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023லயே சட்டம் வந்துடுச்சு, போன நவம்பர்ல அதுக்கு விதிமுறையும் போட்டாங்க. ஆனா சட்டத்துக்குப் பயந்து சொல்லலை, நம்ம வீட்டுப் பொம்பளைங்க போட்டோ இன்னொரு கடையில அப்படிக் கிடந்தா நமக்கு எப்படி இருக்கும்?

நான் என்ன பண்றேன்னா, தினம் கடை சாத்தறதுக்கு முன்னாடி டவுன்லோட்ஸை மொத்தமா அழிச்சு, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிடுவேன். வாட்ஸ்அப் வெப்பை லாக்அவுட் பண்ணிடுவேன். பணம் எடுக்கற சிஸ்டம்ல யாரோட பென்டிரைவும் போட மாட்டேன், பென்டிரைவ் வந்தா அதுக்குன்னு ஒரு பழைய சிஸ்டம் தனியா வச்சிருக்கேன், வைரஸ் எல்லாம் பெரும்பாலும் காலேஜ் பசங்க ப்ராஜெக்ட் பென்டிரைவ்லதான் வரும். உங்க லேப்டாப்புல மின்ட் போட்டீங்கன்னா அதையே இதுக்கு வச்சிக்கலாமே, விண்டோஸ் வைரஸ் அதுல ஒண்ணும் பண்ணாது.

அப்புறம் அந்த டீச்சர் சொன்ன கைரேகை மிஷின் விஷயம். என் மனசுல ரொம்ப நாளா இருக்கறது இது. பென்ஷன் அரசாங்கம் குடுக்குது, ஆதார் அரசாங்கத்தோடது, கைரேகை வைக்கற முறையும் அரசாங்கம் சொன்னது. அந்த மிஷினுக்கு சர்ட்டிஃபிகேட் குடுக்கறப்பவே லினக்ஸ்லயும் ஓடற மாதிரி குடுத்தாத்தான் ஏத்துப்போம்னு ஒரு வரி சேத்தா போதும். நாம விண்டோஸை விட முடியாம மாட்டியிருக்கறதுக்கு பேஜ்மேக்கர் பாதி காரணம், இது பாதி காரணம்.

சிங்காநல்லூர் சர்வீஸ்

@திருவண்ணாமலை இ-சேவை அக்கா, இந்த ஒரு பதிவை எல்லா ஜெராக்ஸ் கடையிலயும் ஒட்டி வைக்கணும்ங்க. சர்வீஸுக்கு வர்ற கடை சிஸ்டத்தை ஓப்பன் பண்ணா டெஸ்க்டாப்லயே அடுத்தவங்க ஆதார் வரிசையா இருக்கும், பாக்கறப்ப மனசு பதறும்.

ராம் விலையைப் பத்தி டிடிபி அண்ணா சொன்னாரே, அது மட்டும் உண்மைங்க. ஏஐக்காக டேட்டா சென்டர் கட்டறவங்க மெமரியை மொத்தமா அள்ளிட்டுப் போறாங்க, மைக்ரான் கம்பெனி குரூஷியல்ங்கற பேர்ல நம்மள மாதிரி சில்லறைக்கு விக்கறதையே நிறுத்தறோம்னு டிசம்பர்ல அறிவிச்சுட்டாங்க. புது ராம் விலை கொஞ்ச மாசத்துல ரெண்டு மடங்குக்கு மேல போயிருச்சு. அதனாலயேதான் சொல்றேன், இப்ப புது சிஸ்டம் வாங்கறதுக்கு ரொம்ப மோசமான நேரம். இருக்கறதை வச்சு இந்த வருசத்தை ஓட்டிருங்க. ரொம்ப அவசியம்னா ஆபீஸ்ல இருந்து கழிச்சு வர்ற எட்டாவது ஜெனரேஷன் செகண்ட்ஸ் ஒண்ணு பாருங்க, ராம் அதுலயே இருக்கும், 11ம் முறைப்படி ஏறும். பில்லும் வாரன்ட்டியும் குடுக்கற இடத்துல மட்டும் வாங்குங்க.

அருப்புக்கோட்டை டிடிபி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையா சொல்லுவீங்கன்னு நினைக்கலை. அந்தக் கீல் ஐயா சொன்னதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் யோசிச்சுட்டு இருந்தேன்.

ஐ5ல ஈஎஸ்யூ போட்டாச்சு, சர்வீஸ் அண்ணன் சொன்ன மாதிரியே லிங்க் வலது பக்கம் இருந்துச்சு, அப்டேட்டும் ஒண்ணு இறங்கிருச்சு. விண்டோஸ் ஒரிஜினல்தான், வாங்குறப்பவே பில்லோட வாங்குனது. பணம் எடுக்கறது, பேஜ்மேக்கர் ரெண்டும் இனிமே இதுல மட்டும்தான். லேப்டாப்பை ஞாயித்துக்கிழமை அக்கா பையன் வந்து மின்ட் போட்டுத் தர்றேன்னு சொல்லிட்டான். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை நேத்து ராத்திரியே காலி பண்ணிட்டேன், அந்தத் தங்கச்சிக்குத் தனியா ஒரு நன்றி.

ரெண்டு சந்தேகம். ஐ3லயும் ஈஎஸ்யூ போடணும்னா அதுக்குத் தனியா இன்னொரு மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் திறக்கணுமா? பேக்கப் ஆன் பண்ணா கடையில இருக்கற கஸ்டமர் ஃபைல் எல்லாம் ஒன்டிரைவ்ல போய் ஏறிக்குமா? அப்படின்னா எனக்கு அது வேண்டாம். அப்புறம் பாமினியில இருக்கற பழைய பத்திரிகை மேட்டரை எல்லாம் யூனிகோடுக்கு மாத்த வழி உண்டா? இப்பவே மாத்த ஆரம்பிச்சா பின்னாடி எந்தப் பக்கம் போனாலும் பிரச்னை இருக்காதுல்ல.

சிங்காநல்லூர் சர்வீஸ்

அதே அக்கவுன்ட் போதும்ங்ணா, ஒரு அக்கவுன்ட்டுக்குப் பத்து சிஸ்டம் வரைக்கும் விடறாங்க. ஐ3லயும் அதே மெயில் ஐடி போட்டு உள்ள போங்க, ஏற்கனவே இருக்கற லைசென்ஸ்லயே சேந்துக்கும். என்ரோல் ஆனதும் ஒன்டிரைவ் செட்டிங்ஸ்ல போய் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூணையும் பேக்கப்ல இருந்து எடுத்து விட்டுருங்க, செட்டிங்ஸ் மட்டும் போனாப் போதும். இல்லைன்னா அந்த இலவச 5 ஜிபி ரெண்டு நாள்ல நெரம்பி, இடம் வாங்குங்கன்னு கேக்க ஆரம்பிச்சுரும். எடுத்து விடறப்ப டெஸ்க்டாப்ல ஃபைல் காணாமப் போன மாதிரி தெரிஞ்சா பதறாதீங்க, ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ள இருக்கும், இழுத்து வெளிய போட்டுக்கலாம். கஸ்டமர் ஃபைலை முதல்ல ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி எடுத்துட்டு இதுல கை வைங்க.

நாகர்கோவில் பெங்குவின்

பாமினிக்கு என்எச்எம் கன்வர்ட்டர் போட்டுப் பாருங்க, விண்டோஸ்ல ஓடும். பேஜ்மேக்கர்ல இருந்து மேட்டரை மட்டும் காப்பி பண்ணி டெக்ஸ்ட் ஃபைலா வச்சு மாத்துங்க, வானவில்லுக்கும் அதுலயே லிஸ்ட்ல பாருங்க. மாத்தினதும் பேரு, நாள், முகூர்த்த நேரம் இதையெல்லாம் கண்ணால ஒரு தடவை படிச்சிருங்க, நடுவுல இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் இருந்தா அந்த இடத்துல மட்டும் கன்னாபின்னான்னு வரும். ஞாயித்துக்கிழமை மின்ட் போடுறப்ப வைஃபை எடுக்கலைன்னா இங்க சொல்லுங்க, மாடலைப் பாத்து டிரைவர் சொல்றேன். அதுவரைக்கும் போனை யூஎஸ்பி கேபிள்ல மாட்டி டெதரிங் ஆன் பண்ணினா நெட் வந்திரும்.